எல்லைப் பக்கக் கல்லூரியில் மாணவர் மதிக்கும்படி பாடம் எடுப்பது எப்படி? புதிதாக வரும் ஆசிரியருக்கு முழுமையான வழிகாட்டி

ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, இது பாலக்காட்டுச் சித்தூர். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று கிழக்கே போகப் போகக் கடைப்பலகையும் பஸ் ஸ்டாப் பேச்சும் தமிழாகிக்கொண்டே வரும். 1956 நவம்பரில் மாநிலம் பிரித்தபோது கோடு எங்கே விழுந்தது என்பது தனிக்கதை. அந்தக் கோட்டின் இந்தப் பக்கம் இருக்கும் கல்லூரிகளில் இன்றைக்கும் ஒரே பெஞ்சில் மூன்று விதமான பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர், ஒருவர் மலையாள மீடியம், இன்னொருவர் இங்கிலீஷ் மீடியம். பாடப்புத்தகமும் கேள்வித்தாளும் ஆங்கிலத்தில் இருக்கும், ஆசிரியர் விளக்குவது பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும்.

இப்படி ஒரு வகுப்புக்கு முதல் தடவையாகப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கெஸ்ட் லெக்சரராக வந்தாலும் சரி, பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வு எழுதி நிரந்தரமாக வந்தாலும் சரி. உதாரணங்கள் என் பாடமான பொருளாதாரத்திலிருந்து வரும். வேதியியலோ வரலாறோ எடுப்பவர்கள் தங்கள் பாடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இடுக்கியில் மூணாறு, பீருமேடு பக்கமும் நிலைமை ஏறக்குறைய இதுதான். ஆந்திரத்துக் குப்பம் பக்கம் போனால் மலையாளம் இருக்கும் இடத்தில் தெலுங்கு.

முதலில்: மாணவர் எதை மதிக்கிறார்கள்?

"அந்த சார் நல்லா எடுப்பாருங்க" என்ற ஒரு வரிக்குள் நிறைய விஷயம் அடங்கியிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1982இல் வெளியிட்ட கருத்துக்கேட்புப் படிவம் இதை ஒன்பது கூறுகளாகப் பார்க்கிறது: கற்றதால் கிடைத்த பயன், ஆசிரியரின் ஈடுபாடு, ஒழுங்கும் தெளிவும், வகுப்பில் பேச இடம், தனிப்பட்ட முறையில் அணுக முடிவது, பாடத்தின் பரப்பு, தேர்வும் மதிப்பெண்ணும், அசைன்மென்டும் வாசிப்பும், பாடச்சுமை. நம் ஊரில் நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) மதிப்பீட்டுக்காக மாணவர்கள் நிரப்பும் திருப்திக் கணக்கெடுப்பில் 21 கேள்விகள் உண்டு. சிலபஸ் எவ்வளவு முடிந்தது, ஆசிரியர் தயாராக வந்தாரா, இன்டர்னல் மதிப்பெண் நியாயமாக இருந்ததா, அசைன்மென்டை உங்களோடு உட்கார்ந்து பேசினார்களா என்றெல்லாம் கேட்பார்கள்.

இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டு முன்பே நன்னூலில் பவணந்தி முனிவர் ஆசிரியருக்கு இலக்கணம் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். யார் ஆசிரியர் ஆக மாட்டார் என்று அவர் சொல்லும் இடம்தான் எனக்கு அதிகம் பயன்படுகிறது. கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்று நான்கு உவமை சொல்கிறார். கழற்சிக்காய் போட்ட குடத்தைக் கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது. யூனிட் மூன்றைப் பாதியில் விட்டுவிட்டு ஐந்துக்குத் தாவுகிறவர் அந்த ரகம். பஞ்சு அடைத்த குறுகிய வாய்க் குடுவையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். கேள்வி கேட்டால் ஒரு வரிக்கு மேல் பதில் வராதவர் அது. மடல் சூழ்ந்த பனையில் ஏறிப் பறிக்க முடியாது, தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். கடைசியாக முடத்தெங்கு. தண்ணீர் ஊற்றுவது ஒருவர், காய் விழுவது பக்கத்துத் தோட்டத்தில். பின் பெஞ்சில் இருந்து சந்தேகம் கேட்டால் முதல் பெஞ்சைப் பார்த்து விளக்குகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பனையும் தென்னையும் நிறைந்த சித்தூர்க்காரர்களுக்கு இந்த உவமைகளுக்கு உரையே வேண்டாம்.

இந்தப் பட்டியல்களில் எதை முதலில் பிடிப்பது? என் கணக்கில் மூன்று. தயாராக வந்திருக்கிறார் என்று தெரிய வேண்டும். மதிப்பெண்ணில் ஓரவஞ்சனை இருக்கக் கூடாது. நம் ஊரில் மூன்றாவதாக மொழி வருகிறது: வகுப்பில் யாரையும் மொழியால் வெளியே நிறுத்தக் கூடாது. கலகலப்பு, ஜோக், பேச்சுத்திறமை எல்லாம் இருந்தால் நல்லது. இல்லாதவர்களையும் மாணவர்கள் மதிக்கிறார்கள், இந்த மூன்றும் இருந்தால்.

படி 1: யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் நாள் ஆளுக்கொரு பாதித்தாள் கொடுங்கள். ஐந்து விஷயம் எழுதச் சொல்லுங்கள்: பெயர், எப்படிக் கூப்பிட வேண்டும், பத்தாவது வரை எந்த மீடியம், எந்த ஊரிலிருந்து எந்த பஸ்ஸில் வருகிறார், இந்தப் பாடத்தில் எதைக் கண்டு பயம். தாங்கள் விரும்பிய மொழியில் எழுதலாம் என்று சொல்லிவிடுங்கள். தமிழில் எழுதிய தாள்கள் எத்தனை என்று எண்ணினாலே உங்கள் வகுப்பின் பாதி நிலவரம் புரிந்துவிடும்.

பஸ்ஸைக் கேட்பது ஒப்புக்கு அல்ல. கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கமிருந்து வருபவர்களில் பலர் இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். கன்செஷன் கார்டு வைத்திருக்கும் பிள்ளைகளை ஏற்றாமல் கை காட்டிவிட்டுப் போகும் பஸ்ஸும் உண்டு. அதற்காக வகுப்பைத் தாமதமாகத் தொடங்காதீர்கள்; நேரத்துக்கு வந்தவர்கள் அதை மதிக்க மாட்டார்கள். முதல் பத்து நிமிடத்துக்குப் போன வகுப்பின் கணக்கு ஒன்றையோ கேள்வி ஒன்றையோ வைத்துவிடுங்கள். வந்தவர்களுக்கு அது பயிற்சி, தாமதமாக வருகிறவர்களுக்குப் புதுப்பாடம் தப்பாது. தாமதத்துக்கு வாசலிலேயே நிறுத்தி விசாரணை வைப்பதால் வகுப்பே நின்றுபோகும். கையைக் காட்டி உட்காரச் சொல்லுங்கள், காரணத்தை வகுப்பு முடிந்ததும் கேட்டுக்கொள்ளலாம்.

பெயரைச் சரியாகச் சொல்வது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இரண்டாம் வாரத்துக்குள் பாதிப் பேரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வகுப்பின் முகமே மாறிவிடும். கோவை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கே கல்லூரியிலும் பெண் ஆசிரியரை டீச்சர் அல்லது மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், ஆண்களைச் சிலர் மாஷ் என்பார்கள். மேடம் என்று வரவில்லையே என்று மனத்தாங்கல் வேண்டாம், மரியாதைக்குக் குறைவில்லை.

படி 2: ஒரே ஒரு பக்கத்தில் செமஸ்டர் திட்டம்

எந்த வாரம் எந்த யூனிட், இன்டர்னல் தேர்வு எப்போது, அசைன்மென்ட் எப்போது, எதற்கு எவ்வளவு மதிப்பெண். இவ்வளவையும் ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள், வகுப்புச் சுவரிலும் ஒட்டுங்கள். 2024-25இல் நான்காண்டு இளங்கலைத் திட்டம் வந்த பிறகு மேஜர், மைனர், கிரெடிட் என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தலை சுற்றுகிறது. மூன்று ஆண்டில் முடித்தால் 133 கிரெடிட், நான்காம் ஆண்டும் படித்தால் 177 என்ற அடிப்படைக் கணக்கையே இரண்டாம் செமஸ்டர் வரை சிலர் பிடித்திருக்க மாட்டார்கள். உங்கள் தாள் அந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்று முதல் நாளே இரண்டு வரி சொல்லிவிடுங்கள்.

ஸ்ட்ரைக் வரும். கேரளக் கல்லூரியில் ஒரு செமஸ்டர் சமரம் இல்லாமல் ஓடினால் அதுதான் அதிசயம். அதனால் திட்டத்தில் இரண்டு வாரத்தைக் காலியாக விடுங்கள். அதையும் மீறி நாள் போய்விட்டால், எந்தப் பகுதியை வகுப்பில் எடுக்கப் போவதில்லை, அதை எங்கிருந்து படிக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கடைசி வாரம் ஸ்லைடில் நான்கு யூனிட்டை ஓட்டிவிட்டு போர்ஷன் முடிந்தது என்று எழுதிக்கொள்வதைப் போல் மாணவர்களுக்கு எரிச்சல் தருவது வேறில்லை.

படி 3: மொழிக்குப் பாலம் போடுங்கள்

ஆங்கிலத்தில் பாடம் எடுத்தால் மூன்று தரப்புக்கும் பொது என்று சிலர் நினைக்கிறார்கள். நடைமுறையில் ஆங்கிலம் பத்து நிமிடத்துக்குப் பிறகு மலையாளமாகிவிடும். கஷ்டமான இடம் வரும்போதுதான் மாறும். அப்படியானால் பாடத்தின் கஷ்டமான இடம் முழுக்க ஒரு மொழிக்காரர்களுக்கு மட்டும் விளக்கப்படுகிறது. சித்தூர் வட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மலையாளம் பேசவும் கேட்கவும் வரும், சந்தேகமில்லை. சினிமா பார்ப்பதும் ஒரு கருத்தைப் பிடிப்பதும் வேறு வேறு வேலை.

முதல் வேலை, ஒவ்வொரு யூனிட்டுக்கும் மூன்று பத்திச் சொல்பட்டியல். பொருளாதாரத்தில் இப்படி: டிமாண்ட், மலையாளத்தில் சோதனம், தமிழில் தேவை. சப்ளை, பிரதானம், அளிப்பு. எலாஸ்டிசிட்டி, இலாஸ்திகத, நெகிழ்ச்சி. யூனிட்டுக்கு இருபது சொல்லுக்குள் இருந்தால் போதும். உங்களுக்குத் தமிழோ மலையாளமோ தெரியாவிட்டால் வகுப்பிலிருந்தே இரண்டு பேரைக் கேளுங்கள். பட்டியலை அவர்கள் தயாரிக்கட்டும், நீங்கள் சரிபார்க்கலாம். அந்த வேலையையே ஒரு அசைன்மென்டாக வைத்தாலும் தவறில்லை.

அடுத்தது வரிசை. கருத்தை முதலில் பேச்சுமொழியில் சொல்லுங்கள், பிறகு ஆங்கிலக் கலைச்சொல்லை எழுதுங்கள், பிறகு பரீட்சையில் எழுத வேண்டிய ஆங்கில வாக்கியத்தைப் போர்டில் மெதுவாக எழுதுங்கள். பலர் இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். கருத்து புரிந்த பிள்ளைக்கும் "சார், இதை இங்கிலீஷ்ல எப்படிங்க எழுதோணும்?" என்ற கேள்வி பாக்கி இருக்கும். புரிந்ததை எழுத முடியாமல் சப்ளி (அரியர்) எழுதப் போகிறவர்கள் இந்தப் பக்கம் கொஞ்சமல்ல.

உங்களுக்குத் தமிழ் வராதென்றால் அரைகுறைத் தமிழில் பாடம் எடுக்க முயல வேண்டாம், கேலியாகப் போய்விடும். பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு பிள்ளையை அனுமதியுங்கள். இரண்டு நிமிடம் வகுப்பில் முணுமுணுப்பு இருக்கும், பரவாயில்லை. தமிழர் நீங்கள் என்றால் எதிர்ப்பக்கச் சிக்கல்: தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் சகஜமாகப் பேசி, மலையாளப் பிள்ளைகளை மரியாதையாகத் தள்ளி வைத்துவிடுவது. அதையும் வகுப்பு கவனிக்கும்.

உச்சரிப்பைக் கேலி செய்வது எந்த மொழியிலும் வேண்டாம். ஒரே ஒரு தடவை சிரித்தாலும் அந்தப் பிள்ளை அந்த செமஸ்டர் முழுக்க வாய் திறக்காது.

படி 4: ஒரு வகுப்பைக் கட்டுவது

தேவையின் விலை நெகிழ்ச்சியை எடுத்துக்கொள்வோம், அதாவது விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு. புத்தகத்தில் வரையறை முதலில் வரும், வாய்பாடு அடுத்து, உதாரணம் கடைசியில். வகுப்பில் இதைத் தலைகீழாக்குங்கள்.

வேலந்தாவளம் காய்கறிச் சந்தை பாதி வகுப்புக்குப் பழக்கமான இடம். ஓணம் நெருங்கும்போது காய்கறி விலை என்ன ஆகும் என்று கேளுங்கள். எல்லோரும் சொல்வார்கள். போர்டில் ஒரு கற்பனைக் கணக்கு எழுதுங்கள்: தக்காளி கிலோ 20 ரூபாயிலிருந்து 30 ஆகிறது, வாரம் 5 கிலோ வாங்கிய வீடு 4 கிலோ வாங்குகிறது. விலை எவ்வளவு சதவீதம் ஏறியது? 50. வாங்கும் அளவு எவ்வளவு சதவீதம் குறைந்தது? 20. பக்கத்திலேயே இன்னொன்று: குறிப்பிட்ட ஒரு கம்பெனி சோப்பு 40 ரூபாயிலிருந்து 44 ஆகிறது, கடையில் மாதம் 100 விற்றது 70 ஆகிறது. விலை 10 சதவீதம் ஏறி, விற்பனை 30 சதவீதம் இறங்குகிறது.

இப்போது கேள்வி: எந்தப் பொருளின் விலையை ஏற்றினால் விற்பவருக்கு வரும் மொத்தப் பணம் கூடும்? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டு ஏறக்குறைய ஒரே நொடியில் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவதைக் கண்டார். மூன்று நொடிக்கு மேல் பொறுத்தால் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். நம் வகுப்பில் இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் யோசித்து, மறுபடி ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ சொல்ல வேண்டிய பிள்ளைக்கு மூன்று நொடி எதற்குப் போதும்?

இரண்டு இரண்டு பேராகப் பேசச் சொல்லுங்கள். கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். தக்காளியில் 100 ரூபாய் 120 ஆகிறது. சோப்பில் 4,000 ரூபாய் 3,080 ஆகிறது. தக்காளிக்கு 20ஐ 50ஆல் வகுத்தால் 0.4, சோப்புக்கு 30ஐ 10ஆல் வகுத்தால் 3. ஒன்றுக்குக் கீழே, ஒன்றுக்கு மேலே. வரையறையையும் வாய்பாட்டையும் இந்த இடத்தில்தான் எழுத வேண்டும். ஏன் தக்காளியை விட முடியவில்லை, சோப்பை விட முடிந்தது என்று கேட்டால் மாற்றுப்பொருள் என்ற அடுத்த பாடத்தைப் பிள்ளைகளே தொடங்கி வைப்பார்கள்.

இதற்கு ஒரு மணி நேரம் முழுசாகப் போகும். டிக்டேட் செய்தால் இருபது நிமிடத்தில் முடியும். நோட்ஸ் கொடுக்கும் ஆசிரியரை மாணவர்கள் விரும்புகிறார்கள் என்பது உண்மை, அதை மறைத்துப் பயனில்லை. அதனால் நோட்ஸும் கொடுங்கள், ஆனால் வகுப்புக்குப் பிறகு, இரண்டு பக்கத்துக்குள், போர்டில் போட்ட அதே கணக்கோடு. முன்கூட்டியே கொடுத்தால் சந்தைக் கேள்விக்குப் பதில் யோசிக்க யாருக்கும் மனம் வராது.

வகுப்பின் கடைசி மூன்று நிமிடத்தில் ஒரு துண்டுச்சீட்டு: இன்று தெளிவானது ஒன்று, குழப்பமாக இருப்பது ஒன்று. வாரம் ஒரு தடவை போதும். அடுத்த வகுப்பின் முதல் பத்து நிமிடத்துக்கு என்ன வைக்கலாம் என்பதை இந்தச் சீட்டே சொல்லிவிடும்.

படி 5: தாளைத் திருப்பிக் கொடுங்கள், சீக்கிரம்

எல்லைப் பக்கமோ திருவனந்தபுரமோ, மாணவர் குறைகளில் முதலில் வருவது இன்டர்னல் மதிப்பெண். எப்படிப் போட்டார்கள் என்று தெரிவதில்லை. ஆசிரியருக்குப் பிடித்த பிள்ளை, டிபார்ட்மென்ட் நிகழ்ச்சிக்கு ஓடியாடும் பிள்ளை, கட்சிப் பிள்ளை என்று ஆளுக்கொரு காரணம் கற்பித்துக்கொள்வார்கள். இதற்கு ஒரே மருந்து, தேர்வுக்கு முன்பே எந்தக் கேள்விக்கு எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதி வைத்துக்கொள்வதும், திருத்திய பின் அதைப் போர்டில் காட்டுவதும்தான். மேலே சொன்ன கணக்குக்கு ஐந்து மதிப்பெண் என்றால்: சதவீத மாற்றம் இரண்டும் சரியாக இருந்தால் இரண்டு, வாய்பாடு ஒன்று, விடை ஒன்று, விடையின் பொருளை ஒரு வரியில் சொன்னால் ஒன்று. ஆங்கிலப் பிழைக்குக் கழிப்பீர்களா மாட்டீர்களா என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பொருளாதாரத் தாளில் கழிக்கக் கூடாது என்பது என் கட்சி.

இரண்டு வாரத்துக்குள் திருத்தித் தாருங்கள். அடுத்த தேர்வுக்கு முந்தின நாள் கிடைக்கும் தாளால் யாருக்கு லாபம்? ஐம்பது அறுபது தாளுக்கும் தனித்தனியாக எழுத முடியாதுதான். பொதுவாக வந்த மூன்று பிழையை வகுப்பில் பேசிவிட்டு, ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். "குட்", "இம்ப்ரூவ்" என்று எழுதுவதற்கு எழுதாமலே விடலாம். "சதவீதத்துக்கு அடிமானம் பழைய விலை, புது விலை அல்ல" என்று எழுதினால் அந்தப் பிள்ளை அடுத்த முறை சரி செய்துகொள்ளும்.

மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றும் முன் வகுப்பில் ஒட்டுங்கள். சந்தேகம் கேட்க மூன்று நாள் கொடுங்கள். வருகைப் பதிவும் அப்படியே. 75 சதவீத வருகைக் கணக்கில் இடிக்கும் பிள்ளைக்கு மாதக் கடைசியிலேயே சொன்னால் அது உதவி, ஹால் டிக்கெட் சமயத்தில் சொன்னால் தண்டனை.

படி 6: பாதி வழியில் கேளுங்கள்

ஆண்டு முடிவில் எடுக்கும் கணக்கெடுப்பால் இந்த வகுப்புக்கு ஒரு நன்மையும் இல்லை. அதை நிரப்பும் பிள்ளைகள் போய்விடுவார்கள். கெஸ்ட் என்றால் நீங்களே போய்விடுவீர்கள். ஆறாம் வாரத்துக்குள் நீங்களே கேளுங்கள்.

கேள்வி மூன்று போதும். எது தொடர வேண்டும்? எதை மாற்ற வேண்டும்? எந்த இடத்தில் பாடம் கைவிட்டுப் போகிறது? பெயர் வேண்டாம், எந்த மொழியிலும் எழுதலாம். நீங்கள் வகுப்பை விட்டு வெளியே போய்விடுங்கள்; வகுப்புப் பிரதிநிதி சேகரித்து உறையில் போட்டுத் தரட்டும். கூகுள் ஃபார்ம் வசதிதான், ஆனால் ஈமெயில் பதிவாகிறது என்று ஒரு சந்தேகம் கிளம்பினால் எல்லோரும் "வெரி குட்" என்று எழுதித் தொலைப்பார்கள். கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயத்துக்கு மருந்து, முதல் தடவை வந்த விமர்சனத்தை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்பதில் இருக்கிறது.

வரும் சீட்டுகளை மூன்றாகப் பிரியுங்கள். உடனே செய்யக்கூடியவை: போர்டில் எழுத்து சின்னதாக இருக்கிறது, ஃபேன் சத்தத்தில் பின்னால் கேட்கவில்லை, ஸ்லைடு வேகமாக மாறுகிறது. யோசித்துச் செய்ய வேண்டியவை: மலையாள விளக்கம் புரியவில்லை, அசைன்மென்ட் அதிகம். செய்ய முடியாதவை: சிலபஸைக் குறையுங்கள், மாதிரித் தேர்வு வேண்டாம். ஒரே ஒரு சீட்டில் வந்த கடுஞ்சொல்லை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் ஒரே குறை ஏழெட்டுச் சீட்டில் வேறு வேறு வார்த்தையில் வந்தால், அதைச் சின்னதாக நினைக்காதீர்கள்.

அடுத்த வகுப்பிலேயே ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பதில் சொல்லுங்கள். "இதைக் கேட்டீர்கள், இன்று முதல் மாற்றுகிறேன். இதைக் கேட்டீர்கள், முடியாது, காரணம் இது." எதுவும் சொல்லாமல் விட்டால், அடுத்த முறை சீட்டு கொடுத்தாலும் காலியாகத்தான் வரும். மாணவர்கள் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வதில்லை. கேட்டது காதில் விழுந்ததா என்றுதான் பார்க்கிறார்கள்.

படி 7: பாராட்டையும் குறையையும் எடைபோடுங்கள்

மாணவர் சொல்வதையெல்லாம் வேதமாக எடுக்கக் கூடாது என்று சொல்பவர்களிடமும் நியாயம் உண்டு. அமெரிக்காவில் 1973இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு நடிகரை டாக்டர் ஃபாக்ஸ் என்ற நிபுணராக அறிமுகப்படுத்தி, சாரமே இல்லாத ஒரு சொற்பொழிவைச் சுவையாகப் பேச வைத்தார்கள். கேட்டவர்கள் படித்த நிபுணர்கள், பெரும்பாலோர் பாராட்டினார்கள். 2019இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் செய்த ஆய்வில், தாங்களே கணக்குப் போட்டுக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். சரளமான சொற்பொழிவைக் கேட்டவர்களுக்கு நிறையக் கற்றது போன்ற உணர்வு. 2015இல் வந்த ஒரு சிறிய ஆய்வு இன்னும் சங்கடமானது. முகம் தெரியாத இணைய வகுப்பில் ஒரே ஆசிரியர் ஆண் பெயரில் வந்தபோது, பெண் பெயரில் வந்ததைவிட அதிக மதிப்பெண் பெற்றார்.

நம் வகுப்பில் இதற்கு நேரடிப் பொருள் உண்டு. சந்தைக் கேள்வி கேட்டு யோசிக்க வைக்கும் ஆசிரியரைப் பற்றி முதல் மாதம் "டீச்சர் எதையும் சொல்லித் தர்றதில்லை, எங்களையே கேக்குறாங்க" என்றுதான் எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டு டிக்டேஷனுக்குத் திரும்பிவிடாதீர்கள். ஏன் இப்படி எடுக்கிறேன் என்று ஒரு வகுப்பில் விளக்குங்கள், முதல் இன்டர்னலில் அதே மாதிரிக் கேள்வியை வையுங்கள், பிறகு மறுபடி கேட்டுப் பாருங்கள். அதே நேரம், புடவை, குரல், கண்டிப்பு பற்றி மட்டும் பெண் ஆசிரியர்களுக்கு வரும் குறிப்புகளைத் துறைத்தலைவர்கள் கணக்கில் எடுக்கவே கூடாது. தெளிவு, ஒழுங்கு, மதிப்பெண் நியாயம், திருத்திய தாள் எப்போது கிடைத்தது, மொழி ஆகியவற்றில் மாணவர் சொல்லுக்கு எடை அதிகம், அனுபவிக்கிறவர்கள் அவர்கள்தானே. பாடப்பொருள் சரியா, தரமா என்று பார்க்க வேண்டியது சக ஆசிரியர்.

வாட்ஸ்அப் பற்றி

வகுப்புக் குழு ஒன்று இருக்கட்டும், அறிவிப்புக்கும் நோட்ஸுக்கும் மட்டும். எத்தனை மணி வரை பதில் தருவீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு அசைன்மென்ட் அனுப்பிவிட்டுக் காலையில் வேண்டும் என்பவரை யாரும் மதிப்பதில்லை. நெட்வொர்க் சரியாக எடுக்காத ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் இருந்தால், முக்கியமான அறிவிப்பைப் போர்டிலும் எழுதுங்கள்.

படி 8: போகும்போது ஒரு பக்கம் எழுதி வையுங்கள்

கெஸ்ட் பணி பெரும்பாலும் கல்வியாண்டோடு முடிந்துவிடும். அடுத்த ஆண்டு அந்த வகுப்புக்கு வேறு யாராவது வருவார்கள். அவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மூன்று மொழிச் சொல்பட்டியல்கள், செமஸ்டர் திட்டம் எந்த இடத்தில் சறுக்கியது, எந்த யூனிட்டில் குழப்பச் சீட்டு அதிகம் வந்தது, எந்த உதாரணம் எடுபட்டது, மதிப்பெண் பிரிப்புத் தாள்கள், எந்த பஸ் எத்தனை மணிக்கு வருகிறது. இவற்றை ஒரு ஃபைலில் போட்டுத் துறைத்தலைவரிடம் கொடுங்கள், ஒரு நகலை டிபார்ட்மென்ட் லைப்ரரியில் வையுங்கள். மாணவர் பெயர் எதுவும் அதில் இருக்க வேண்டாம். அனுபவச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுக்கப் போகும் அன்றே இதையும் கொடுத்துவிட்டால், பிறகு அனுப்புகிறேன் என்று தள்ளிப்போகாது.